எல்லாக் கோப்புகளிலும் எங்கள் பெயர் வந்துவிட்டது, எழுதியவர் பெயர் போய்விட்டது: என்ன செய்வது?

கேள்வி: கோவையில் 12 பேரோடு மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். எங்கள் ரிப்போவில் (நிரலும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் களஞ்சியம்) சுமார் 1,400 கோப்புகள். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி ஹெடர் (கோப்பின் தலையில் வரும் உரிமைக் குறிப்பு) இருக்கட்டும் என்று ஊழியர் ஒருவர் ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டினார். அது ஒவ்வொரு கோப்பின் மேலே இருந்த கமென்ட்டையும் நீக்கிவிட்டு, எங்கள் நிறுவனப் பெயரையும் ‘ஆல் ரைட்ஸ் ரிசர்வ்ட்’ என்ற வரியையும் போட்டுவிட்டது. அவற்றில் 80 கோப்புகள் எம்ஐடி, அப்பாச்சி என்ற திறந்த மூல உரிமங்களில் வெளியிலிருந்து எடுத்தவை. 3 கோப்புகள் ஜிபிஎல் (சேர்ந்த நிரலையும் அதே உரிமத்தில் தரச் சொல்லும் திறந்த மூல உரிமம்). 20 கோப்புகளை ஃப்ரீலான்சர் ஒருவர் எழுதினார். மூல நிரலை அமெரிக்க கிளையன்ட்டுக்கு அனுப்பியாயிற்று. இப்போது, ‘என் பெயரை ஏன் எடுத்தீர்கள்?’ என்று ஒரு கோப்பை எழுதியவர் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். பழைய கமிட்டுகளை (ரிப்போவில் பதிவான மாற்றங்களை) அழித்துவிட்டால் பிரச்சினை தீருமா?

பதில்: தீராது, பெரிதாகும். கமிட் வரலாற்றில் கை வைக்காதீர்கள். வரலாற்றை மாற்றி எழுதும் ரீபேஸ், ஃபோர்ஸ் புஷ் எதுவும் வேண்டாம். தவறு தெரியாமல் நடந்தது என்று காட்ட உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்த வரலாறுதான். அழிந்த ஹெடர்களைத் திரும்ப எடுக்கும் இடமும் அதுதான். இன்றே ரிப்போவை வரலாற்றோடு முழுதாகப் பிரதியெடுத்து (மிரர் குளோன்) தனியாக வையுங்கள். அடுத்த ரிலீஸை நிறுத்துங்கள்.

நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆசிரியர் பெயர், உரிமையாளர் விவரம், பயன்படுத்தும் நிபந்தனைகள் ஆகியவற்றை 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ‘உரிமை மேலாண்மைத் தகவல்’ என்கிறது. 2012 திருத்தத்தில் வந்த 65பி பிரிவின்படி, அதிகாரமின்றி அதைத் தெரிந்தே நீக்குவதும் மாற்றுவதும் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். நீக்கப்பட்டது என்று தெரிந்தும் அந்தப் பிரதியை விநியோகிப்பதும் அப்படியே. ‘தெரிந்தே’ என்ற சொல்தான் இதுவரை உங்களைக் காக்கிறது. மின்னஞ்சலைப் படித்த பிறகு அனுப்பும் எந்தப் பிரதிக்கும் அந்தக் காப்பு இருக்காது. நிரலும் இந்தச் சட்டத்தில் ஓர் இலக்கியப் படைப்புதான். அதனால் படைப்பின் ஆசிரியர் நானே என்று கோரும் 57ஆம் பிரிவின் உரிமையும் எழுதியவருக்கு உண்டு.

அமெரிக்கப் பக்கமும் லேசானதல்ல. ஜேக்கப்சன் எதிர் கேட்சர் வழக்கில், மாடல் ரயில் மென்பொருளின் கோப்புகளை ஆசிரியர் பெயரும் பதிப்புரிமை வரியும் இல்லாமல் ஒரு வணிக மென்பொருளில் சேர்த்திருந்தார்கள். இலவசமாகக் கொடுத்த நிரலானாலும் அதன் உரிமத்தில் உள்ள நிபந்தனையை மீறினால் பதிப்புரிமை மீறலாக வழக்குத் தொடரலாம் என்று 2008 ஆகஸ்டில் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இத்தகைய தகவலை நீக்குவதற்கு அந்நாட்டுச் சட்டம் ஒவ்வொரு மீறலுக்கும் 2,500 முதல் 25,000 டாலர் வரை இழப்பீடு வைத்திருக்கிறது. உங்கள் கிளையன்ட் ஒப்பந்தத்தில் ‘நிரல் முழுதும் எங்களுடையது’ என்ற உறுதிமொழியும் இழப்பீட்டு ஷரத்தும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

இனி மீட்கும் வேலை. ஸ்கிரிப்ட் ஓடிய கமிட்டில் ஹெடர் மாற்றம் மட்டும் இருந்தால், அந்த மாற்றத்தைத் திருப்பிவிடும் ‘கிட் ரிவர்ட்’ கட்டளை போதும். அது பழையதை அழிக்காமல் புதிய கமிட்டாக மேலே உட்காரும். வேறு திருத்தங்களும் கலந்திருந்தால், அதற்கு முந்தைய கமிட்டிலிருந்து கோப்புவாரியாகத் தலைவரிகளை எடுத்து ஒட்ட வேண்டும். நிரலில் உள்ள உரிமங்களைத் தேடும் ஸ்கேன்கோட் போன்ற கருவியை இப்போதைய நிரலின் மேல் ஓட்டிவிட்டு ‘ஒன்றும் சிக்கவில்லை’ என்று நிம்மதியடைபவர்கள் உண்டு. உரிம வாசகத்தைப் பார்த்துத்தான் அது கண்டுபிடிக்கும், வாசகமோ ஏற்கெனவே போய்விட்டது. அதை முந்தைய கமிட்டின் மேல் ஓட்டுங்கள். ரிப்போவுக்குள் வரும்போதே ஹெடர் இல்லாமல் வந்த கோப்பு இருந்தால், எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தீர்களோ அந்தப் பதிப்பின் மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

மூன்று ஜிபிஎல் கோப்புகளை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ‘பதிப்பு 2, அல்லது உங்கள் விருப்பப்படி பிந்தைய எந்தப் பதிப்பும்’ என்ற வாக்கியம் வழக்கமாகக் கோப்பின் ஹெடரில்தான் இருக்கும். உரிமக் கோப்பைப் படித்து மட்டும் இதைத் தெரிந்துகொள்ள முடியாது. இந்த ஒரு வரி உங்களுக்கு மிக முக்கியம். பதிப்பு 2 மட்டும் என்றால், மீறிய கணமே உரிமம் தானாக முடிந்துவிடும், சரிசெய்ய அவகாசம் எதையும் அந்த வாசகம் தரவில்லை. பிந்தைய பதிப்பும் செல்லும் என்றால் 2007இல் வந்த பதிப்பு 3ஐத் தேர்ந்துகொள்ளலாம். முதல் முறை அறிவிப்பு பெற்றவர் 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமம் நிலைக்கும் என்கிறது அது. அந்த மூன்று கோப்புகள் உங்கள் நிரலோடு எப்படி இணைந்திருக்கின்றன என்பதைப் பொறுத்து மொத்த நிரலின் உரிமமே மாறக்கூடும். அவற்றை எடுத்துவிட்டு நீங்களே எழுத முடியுமானால் எழுதுங்கள், பழைய கோப்பைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு எழுதக் கூடாது.

எம்ஐடி கோப்பில் பழைய பதிப்புரிமை வரியும் அனுமதி வாசகமும் அப்படியே இருக்க வேண்டும். நீங்கள் உண்மையில் திருத்தியிருந்தால் மட்டும் உங்கள் பெயரைக் கீழே சேருங்கள். எஸ்பிடிஎக்ஸ் என்ற உரிமக் குறியீட்டு முறையில் ஒரு கோப்பின் தலை இப்படி இருக்கலாம் (கோப்பில் ஆங்கில எழுத்தில்):

எஸ்பிடிஎக்ஸ்-ஃபைல்காப்பிரைட்டெக்ஸ்ட்: 2016 முதல் ஆசிரியர் பெயர்
எஸ்பிடிஎக்ஸ்-ஃபைல்காப்பிரைட்டெக்ஸ்ட்: 2023 உங்கள் நிறுவனம்
எஸ்பிடிஎக்ஸ்-லைசென்ஸ்-ஐடென்டிஃபையர்: எம்ஐடி

இந்த மூன்று வரிகளை வெளியாரின் பழைய ஹெடருக்குப் பதிலாகப் போடாதீர்கள், கூடுதலாகப் போடுங்கள். பிஎஸ்டி என்ற இன்னொரு திறந்த மூல உரிமத்தின் பழைய கோப்புகளில் மூல ஆசிரியரே ‘ஆல் ரைட்ஸ் ரிசர்வ்ட்’ என்று எழுதியிருப்பார். முரணாகத் தெரிந்தாலும் அதையும் எடுக்காதீர்கள். அப்பாச்சி 2.0 கோப்பைத் திருத்தியிருந்தால், ‘நாங்கள் மாற்றினோம்’ என்று எடுப்பாகத் தெரியும் குறிப்பு அந்தக் கோப்பிலேயே வேண்டும். மூலத்தோடு ‘நோட்டீஸ்’ கோப்பு வந்திருந்தால் அதிலுள்ள பெயர்க் குறிப்புகளும் கூடவே போக வேண்டும்.

ஃப்ரீலான்சரின் 20 கோப்புகளில் உங்கள் பெயர் இருப்பதும் இப்போதைக்குச் சரியல்ல. ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால் 17ஆம் பிரிவின்படி முதல் உரிமையாளர் நிறுவனம். ஃப்ரீலான்சர் ஊழியர் அல்லர், பணம் கொடுத்துவிட்டதால் மட்டும் உரிமை உங்களுக்கு வராது. 19ஆம் பிரிவின்படி எழுத்தில், அவர் கையெழுத்தோடு உரிமை மாற்றப் பத்திரம் வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அமெரிக்க கிளையன்ட் வைத்திருக்கும் உங்களுக்கு அது ஆகாது. ‘முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதும்’ என்று எழுதி, 20 கோப்புகளின் பெயரையும் கமிட் எண்ணையும் இணைப்பில் சேருங்கள். ஓராண்டுக்குள் பயன்படுத்தாத உரிமை காலாவதியாகும் என்ற 19(4) இதற்குப் பொருந்தாது என்பதையும் பத்திரத்தில் எழுதிவிடுங்கள்.

மின்னஞ்சலுக்கு மூன்று நாளுக்குள் பதில் போடுங்கள். எந்தக் கோப்பு, எந்தக் கமிட்டில் அழிந்தது, எந்தத் தேதியில் திருப்பிப் போட்டீர்கள், கிளையன்ட்டுக்குத் திருத்திய பிரதி எப்போது போகும் என்ற நான்கு விஷயங்கள் போதும். பழியை ஊழியர் மேல் போட வேண்டாம். வருத்தம் தெரிவிப்பதில் தவறில்லை.

கடைசியாக ஸ்கிரிப்ட். வெளியார் நிரலை ஒரே கோப்புறையில் வைத்து, ஸ்கிரிப்ட் அதைத் தொடாதபடி விலக்குங்கள். ஏற்கெனவே ‘காப்பிரைட்’ என்ற சொல் இருக்கும் கோப்பில் அது எழுதவே கூடாது. ஷெல், பைத்தான் கோப்புகளில் எதை வைத்து ஓட்டுவது என்று சொல்லும் முதல் வரியான ஷெபாங்குக்குக் கீழேதான் ஹெடர் வர வேண்டும், மேலே போனால் கோப்பு நேரடியாக ஓடாது. ஜாவாஸ்கிரிப்ட்டைச் சுருக்கும்போது மினிஃபையர் கமென்ட்டை நீக்கிவிடும். உரிமக் கமென்ட்டை ஆச்சரியக்குறியோடு தொடங்கினால் பெரும்பாலான மினிஃபையர்கள் விட்டுவைக்கும். ஹெடர் இல்லாத கோப்பு வந்தால் பில்டே நிற்கும்படி உரிமக் குறிப்புகளைச் சரிபார்க்கும் ‘ரீயூஸ் லின்ட்’ சோதனையைச் சேருங்கள். கமென்ட் எழுத முடியாத படக் கோப்புகளுக்கு, அதே பெயரின் பின்னால் ‘.லைசென்ஸ்’ சேர்த்த ஒரு துணைக் கோப்பை அந்தக் கருவி ஏற்கும்.