செனட்டர் பிளாக், நீதிபதி பிளாக் – கடிதம்

அன்புள்ள ஐயா,

இலவச சட்ட உதவி பற்றிய உங்கள் கட்டுரையில், குற்ற வழக்கில் வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் தரவேண்டும் என்ற அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1963 கிடியன் தீர்ப்பைக் குறிப்பிட்டிருந்தீர்கள். நான் திண்டுக்கல்லில் பதினான்கு வருடமாக வக்கீல். சட்ட உதவி மையத்தின் பேனலிலும் இருக்கிறேன். அந்தத் தீர்ப்பை எழுதிய ஹியூகோ பிளாக் யார் என்று தேடிப் படித்ததும் மனம் சங்கடப்பட்டது. பத்து வருடம் ஜனநாயகக் கட்சி செனட்டர். அதற்கு முன் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் உறுப்பினர். சட்டம் போட்ட கையே பிறகு அதற்கு அர்த்தமும் சொல்லியிருக்கிறது. அரசியலில் ஊறிய ஒருவர் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தால் பழைய கணக்கெல்லாம் கூடவே வராதா? என் ஜூனியர் இதைக் கேட்டான். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

ரா., திண்டுக்கல்

அன்புள்ள ரா.,

வரும். கூடவே வரத்தான் செய்யும். பிளாக்கோடு என்னென்ன வந்தது என்று பார்த்தால் உங்கள் ஜூனியருக்குச் சொல்ல ஏதாவது கிடைக்கும்.

முதலில் கறையைச் சொல்லிவிடுகிறேன். 1921-ல் அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் ஜேம்ஸ் காயில் என்ற கத்தோலிக்கப் பாதிரியாரை எட்வின் ஸ்டீவன்சன் என்பவர் சுட்டுக் கொன்றார். தன் மகளைப் புவேர்ட்டோ ரிக்கோக்காரர் ஒருவருக்கு அந்தப் பாதிரியார் மணமுடித்து வைத்துவிட்டார் என்று கோபம். கொன்றவருக்காக வாதாடியவர் பிளாக். மாப்பிள்ளையை நீதிமன்றத்துக்கு வரவழைத்து, ஜூரிகளின் கண்ணுக்கு அவர் இன்னும் கறுப்பாகத் தெரியும்படி அறையின் வெளிச்சத்தை மாற்றவைத்தார். ஸ்டீவன்சன் விடுதலையானார். 1923-ல் பிளாக் கிளானில் சேர்ந்தார், 1925-ல் விலகினார், அடுத்த வருடம் கிளானின் ஆதரவோடு செனட்டுக்கு ஜெயித்தார். கறுப்பர்களைக் கும்பலாக அடித்துக் கொல்வதைத் தடுக்க 1935-ல் ஒரு மசோதா வந்தது. நாள்கணக்கில் பேசிப் பேசியே அதை முடக்கிய தென் மாநிலச் செனட்டர்களில் அவரும் ஒருவர்.

1937 ஆகஸ்டில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார், செனட் 63-16 என்று ஒப்புதல் கொடுத்தது. அதன் பிறகுதான் ஒரு பிட்ஸ்பர்க் பத்திரிகை கிளான் விவகாரத்தை ஆதாரத்தோடு வெளியிட்டது. அக்டோபர் 1 அன்று வானொலியில் பேசிய பிளாக், சேர்ந்தேன், விலகினேன் என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை.

இதே மனிதர் 1915-ல் பர்மிங்ஹாம் இருக்கும் ஜெஃபர்சன் கவுண்டியின் அரசு வழக்கறிஞர். பக்கத்து ஊரான பெஸ்ஸிமரின் போலீஸ், கைதிகளை ராத்திரியில் ஓர் அறைக்குக் கொண்டுபோய், பக்கிள் வைத்த தோல் வாரால் அடித்து வாக்குமூலம் வாங்கிக்கொண்டிருந்தது. அடிபட்டவர்கள் பெரும்பாலும் கறுப்பர்கள். அதை கிராண்ட் ஜூரி என்ற குடிமக்கள் விசாரணைக் குழுவின் முன் கொண்டுபோய் அம்பலப்படுத்தினார் பிளாக். ஊரில் யாருக்கும் அது தேவைப்பட்ட காரியம் அல்ல.

இருபத்தைந்து வருடம் கழித்து உச்ச நீதிமன்றத்தில் அவர் முன் சேம்பர்ஸ் வழக்கு வருகிறது. ஃபுளோரிடாவில் ஒரு வெள்ளைக்கார முதியவர் கொலையுண்டதும், வாரண்ட் இல்லாமல் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட கறுப்பர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு வாரம் மாற்றி மாற்றி விசாரணை. கடைசியில் ஒரு சனிக்கிழமை பிற்பகலில் தொடங்கி ஞாயிறு பொழுது விடியும்வரை தூங்கவிடாமல் கேட்டு, வேண்டிய வாக்குமூலத்தை வாங்கினார்கள். நான்கு பேருக்கு மரண தண்டனை. 1940 பிப்ரவரி 12, லிங்கனின் பிறந்தநாளன்று, அதை ரத்து செய்து தீர்ப்பு எழுதியவர் பிளாக். ஆதரவற்றவர், எண்ணிக்கையில் குறைந்தவர், ஊரின் வெறிக்கு இரையானவர் ஆகியோருக்கு அடைக்கலமாக நிற்கவேண்டியவை நீதிமன்றங்கள் என்று அதில் எழுதினார். அந்தப் பத்தியைப் படிக்கும்போதெல்லாம் பெஸ்ஸிமரின் அந்த அறைதான் எனக்கு ஞாபகம் வருகிறது. போலீஸ் அறைக்குள் என்ன நடக்கும் என்பதை நேரில் தோண்டி எடுத்தவர் எழுதிய வரிகள் அவை.

செனட்டிலிருந்து அவர் கொண்டுவந்தது இன்னொன்று. தொழிலாளிக்கு வார வேலை முப்பது மணி நேரம் என்று மசோதா கொண்டுவந்தவர் அவர். மக்கள் பிரதிநிதிகள் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டங்களை, பிடிக்காத நீதிபதிகள் வரிசையாக அடித்துப்போட்டதைச் சபையில் இருந்து பார்த்துக் கொதித்தவர். அதனால் நீதிபதியானதும் தனக்கே ஒரு வேலி போட்டுக்கொண்டார். எழுதியிருப்பதை முழுசாகச் செய், எழுதாததை நீயாகச் சேர்க்காதே. கோட்டுப் பையில் எப்போதும் அரசமைப்புச் சட்டத்தின் சின்னப் பிரதி ஒன்று இருக்கும். 1965-ல் கருத்தடைக்குத் தடை போட்ட கனெக்டிகட் மாநிலச் சட்டத்தைப் பெரும்பான்மை நீதிபதிகள் ரத்து செய்தபோது, அந்தச் சட்டம் தனக்கும் பிடிக்கவில்லை, ஆனால் அந்தரங்க உரிமை என்ற சொல் இந்தப் புத்தகத்தில் இல்லையே என்று மாறுபட்டார். அதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பழைய செனட்டர் ஒருவர் சட்டமன்றத்துக்குக் கொடுக்கும் மரியாதை அது என்பது புரிகிறது.

போட்ட கையே அர்த்தம் சொன்னது பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் சந்தேகம் நியாயமானது. 1938-ன் குறைந்தபட்சக் கூலி, வேலைநேரச் சட்டம் செனட்டில் அவர் முன்வைத்த மசோதாவிலிருந்து வந்தது. 1945-ல் ஜுவல் ரிட்ஜ் சுரங்க வழக்கில், சுரங்க வாயிலிலிருந்து நிலக்கரி வெட்டும் இடம்வரை பூமிக்கடியில் போகும் நேரம் வேலைநேரமா என்ற கேள்வி. ஆம் என்று ஐந்து நீதிபதிகள், இல்லை என்று நான்கு பேர்; பிளாக் ஆம் பக்கம். தொழிற்சங்கத்துக்கு வாதாடிய வக்கீல் ஒரு காலத்தில் பிளாக்கோடு சேர்ந்து தொழில் செய்தவர். பிளாக் விலகவில்லை. நீதிபதி ஜாக்ஸன் தன் மாறுபட்ட தீர்ப்பில், அதே சட்டம் பற்றி செனட்டர் பிளாக் சபையில் பேசியதை எடுத்து நீதிபதி பிளாக்கின் முன்னால் வைத்தார். சுரங்கத் தொழிலாளி பக்கம்தான் என் மனசு. ஆனாலும் பிளாக் அந்த வழக்கிலிருந்து விலகியிருக்க வேண்டும்.

இப்போது கிடியன். வக்கீல் வைக்க வசதியில்லாத ஒரு பண்ணைத் தொழிலாளியின் வழக்கில் 1942-லேயே பிளாக் மாறுபட்டு எழுதித் தோற்றவர். இளம் வயதில் பர்மிங்ஹாம் போலீஸ் கோர்ட்டில் சில்லறை வழக்குகளைத் தினமும் விசாரித்தவருக்கு, வக்கீல் இல்லாத ஏழை எப்படித் திணறுவான் என்பது தெரியும். சுமார் இருபது வருடம் கழித்து, சிறையில் கோடு போட்ட தாளில் பென்சிலால் எழுதிய கிடியனின் மனு வந்தது. ஒன்பது பேரும் ஒரே குரலில் ஒப்புக்கொண்ட தீர்ப்பை எழுதும் வேலை பிளாக்குக்குக் கிடைத்தது. (1952-ல் சென்னை சட்டமன்றத்துக்கு ஜெயித்து, பின்னர் கேரளத்தில் அமைச்சராக இருந்த நம் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர், திகார் சிறைக் கைதியின் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது உங்களுக்குத் தெரியும்.) மறுவிசாரணையில் வக்கீலோடு நின்ற கிடியன் விடுதலையானார்.

இவ்வளவும் சொன்னபின் ஜூனியரிடம் கோரமட்சு தீர்ப்பையும் கொடுங்கள். ஜப்பானிய வம்சாவளியினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டிலிருந்து பெயர்த்தெடுத்த ராணுவ உத்தரவை 1944-ல் சரி என்று எழுதியவரும் பிளாக்தான். கடைசிவரை அதற்கு அவர் வருந்தவில்லை. எனக்கு அவர்மேல் ஆறாத வருத்தம் அது. அதே வழக்கில் ஃபிராங்க் மர்ஃபி எழுதிய மாறுபட்ட தீர்ப்பையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். இது இனவெறியின் அசிங்கமான படுகுழியில் விழுவது என்று எழுதினார். அவரும் டெட்ராய்ட் மேயர், மிச்சிகன் ஆளுநர் என்று அரசியலிலிருந்து வந்தவர்தான். படித்துவிட்டு அவன் என்ன சொல்கிறான் என்று எழுதுங்கள்.