பர்மா காலனியின் 38 அட்டைப்பெட்டிகள்

கேள்வி: எங்கள் காலனியில் பாதிக் குடும்பங்கள் அறுபதுகளில் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தவை. 2025 மார்ச் 28-ல் மியான்மரை (பழைய பர்மாவை) உலுக்கிய நிலநடுக்கச் செய்தியைப் பார்த்ததும் யாருக்கும் மனசு கேட்கவில்லை. துணி, போர்வை, மாத்திரை, அரிசி, பிஸ்கட் என்று 38 அட்டைப்பெட்டிகள் சேர்ந்துவிட்டன. கையில் 64,000 ரூபாயும் இருக்கிறது. கூரியரில் விசாரித்தால் தலை சுற்றுகிறது. மணிப்பூரில் எல்லை ஊரான மோரேயில் வாழும் தமிழர்கள் வழியாக எல்லை தாண்டி அனுப்பிவிடலாம் என்கிறார் ஒருவர். மூன்று வாரமாகிறது. என்ன செய்யலாம்?

பதில்: பெட்டிகளை அனுப்பாதீர்கள், பணத்தை அனுப்புங்கள். சேகரிக்க அலைந்தவர்களுக்கு இது கசக்கும். ஆனால் நிவாரணக் கிடங்கில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

2005 ஜனவரியில் நாகப்பட்டினம் பக்கம் இருந்தேன். சுனாமி நிவாரணமாக வந்த பழைய துணி சாலையோரம் மலைமலையாகக் கிடந்து, மழையில் நனைந்து, மாடு மேய்ந்து மக்கியது. மீனவக் குடும்பங்கள் அதைத் தொடவில்லை. வீட்டையும் வலையையும் இழந்தவர்கள் மானத்தையும் இழந்துவிட்டார்கள் என்று நாம்தான் நினைத்துக்கொண்டோம். அதை அள்ளிப்போடவே தனியாக ஆளும் லாரியும் தேவைப்பட்டன.

மருந்து இதைவிட மோசம். அதே சுனாமியில் இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்துக்கு வந்து குவிந்த மருந்து சுமார் 4,000 டன். அங்கே மக்கள்தொகையே சுமார் நாற்பது லட்சம்தான். பெரும்பாலான அட்டைகளில் உள்ளூர் மருத்துவர்கள் படிக்க முடியாத மொழி. போஸ்னியப் போரின்போது, 1992 முதல் 1996 வரை, பயன்படாத மருந்து மட்டும் 17,000 டன் வரை சேர்ந்ததாக ஒரு மதிப்பீடு உண்டு. அதை எரித்து அழிக்கும் செலவும் அந்த நாட்டின் தலையில் விழுந்தது. இப்படிப்பட்ட அனுபவங்களால்தான் உலக சுகாதார நிறுவனம் நன்கொடை மருந்துக்கு விதி வகுத்தது: கேட்டதை மட்டும் அனுப்ப வேண்டும், போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஒரு வருடம் இருக்க வேண்டும், நோயாளிக்குக் கொடுத்து மிஞ்சியது, டாக்டரிடம் வாங்கிய சாம்பிள் எதுவும் கூடாது. உங்கள் மாத்திரைப் பெட்டிகளில் இந்த விதிகளைத் தாண்டி எது மிஞ்சும் என்று நீங்களே பிரித்துப் பாருங்கள்.

அரிசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பர்மா அரிசியைச் சாப்பிட்டவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். இன்றும் மியான்மர் அரிசி ஏற்றுமதி செய்யும் நாடு. கொல்லன் தெருவில் ஊசி விற்கக் கூடாது.

இனி வழி. நிலநடுக்கத்தில் தலைநகர் நேப்பிடோ விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரமே சரிந்தது. மாண்டலேயையும் சகாயிங்கையும் இணைக்க 1934-ல் கட்டிய ஆவா பாலம் ஐராவதி ஆற்றில் விழுந்தது. இப்படி வாசல் குறுகிப்போன நேரத்தில் நம்முடைய ஒரு பெட்டி உள்ளே நுழைந்தால், தார்ப்பாயோ குளோரின் மாத்திரையோ ஒரு பெட்டி வெளியே காத்திருக்கும். 2015-ல் காத்மாண்டுவிலும் இதேதான் நடந்தது. ஒரே ஒரு ஓடுதளம், சுங்கத்தில் நிவாரணப் பொருள் தேக்கம்.

மியான்மரில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து அங்கே உள்நாட்டுப் போர். பாதிக்கப்பட்ட சகாயிங்கில் ஒரு கிராமம் ராணுவத்தின் கையில், அடுத்த கிராமம் எதிர்ப்புப் படைகளின் கையில். ஏப்ரல் 1 இரவு, மாண்டலேக்கு நிவாரணம் கொண்டுபோன சீன செஞ்சிலுவைச் சங்க வாகனங்கள் வந்தபோதே ராணுவம் துப்பாக்கிச் சூடு நடத்தியது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. கொடி கட்டிய வாகனத்துக்கே அந்தக் கதி. மோரேவைத் தாண்டினால் மியான்மரின் தமு நகரம். அதுவும் சகாயிங் பிராந்தியம்தான். மணிப்பூர்ப் பக்கமும் 2023 மே முதல் அமைதியாக இல்லை. மோரே தமிழர்கள் உதவும் மனமுள்ளவர்கள்தான். அதற்காக உங்கள் பிஸ்கட் பெட்டிக்காக அவர்களைச் சோதனைச் சாவடியில் நிறுத்துவது நியாயமில்லை.

‘2022-ல் தமிழ்நாடு இலங்கைக்குக் கப்பல் விடவில்லையா?’ என்று கேட்பீர்கள். விட்டது. 40,000 டன் அரிசி, 500 டன் பால்மாவு, உயிர்காக்கும் மருந்துகள் என்று பட்டியல் போட்டு அறிவித்து, மத்திய அரசு வழியாக அனுப்பியது. அங்கே பெற்றுக்கொள்ள ஓர் அரசு இருந்தது. இந்த நிலநடுக்கத்துக்கு 2025-ல் இந்தியா ‘ஆபரேஷன் பிரம்மா’ என்று நிவாரணம் அனுப்பியதும் அரசுக்கு அரசு போகும் வழிதான். தனியார் பெட்டிக்கு மறுமுனையில் கையெழுத்துப் போட்டு வாங்க ஓர் ஆள் வேண்டும். உங்களுக்கு அப்படி யாரும் இல்லை.

64,000 ரூபாயை, நிலநடுக்கத்துக்கு முன்பே அங்கே வேலை செய்துகொண்டிருந்த அமைப்புக்குக் கொடுங்கள். செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு இந்த நிலநடுக்கத்துக்காக 2025-ல் 10 கோடி சுவிஸ் பிராங்க் கேட்டு வேண்டுகோள் விட்டது. களத்தில் அதற்குக் கைகால் மியான்மர் செஞ்சிலுவைத் தன்னார்வலர்கள். யுனிசெஃப், உலக உணவுத் திட்டம், எல்லைகளற்ற மருத்துவர்கள் ஆகியவையும் பல வருடங்களாக அங்கே இருக்கின்றன. மே மாதம் அங்கே பருவமழை பிடித்துவிடும். கூரை, குடிநீர், கழிப்பறை மூன்றுக்கும்தான் இனி அவசரம். நிவாரண அமைப்புகளின் கணக்குப்படி ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீராவது வேண்டும். அதைக் கோயம்புத்தூரிலிருந்து பார்சல் கட்ட முடியாது.

வெளிநாட்டு அமைப்புக்கு வங்கி வழியாக அனுப்ப தனிநபர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் இடமுண்டு. ஏ2 படிவமும் பான் எண்ணும் கேட்பார்கள். அது தனிநபருக்கான வழி என்பதால், தெருப் பணம் யார் பெயரில் போகிறது என்பதை எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நன்கொடைக்கான 80ஜி வருமான வரிச் சலுகை இதற்குக் கிடைக்காது. ‘இங்கே கொடுங்கள், மியான்மரில் செலவு செய்கிறோம், 80ஜி ரசீதும் தருகிறோம்’ என்று ஓர் அறக்கட்டளை சொன்னால், இந்தியாவுக்கு வெளியே செலவிட நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் நகர்ந்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் க்யூஆர் கோடுக்குப் பணம் போடவே வேண்டாம்.

பெட்டிகளில் நல்ல போர்வையையும் துணியையும் துணி சேகரித்துத் தேவைப்படுவோருக்குக் கொடுக்கும் கூஞ்ச் போன்ற அமைப்பு எடுத்துக்கொள்ளும். உங்கள் ஊர் முதியோர் இல்லத்தையும் கேட்டுப் பாருங்கள். அரிசியும் பிஸ்கட்டும் இந்த வாரமே அந்த இல்லத்துக்குப் போகட்டும். பிரிக்காத புதுப் பொருள் ஏதாவது இருந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்து, வரும் காசை அந்த 64,000-த்தோடு சேருங்கள். மாத்திரைகளை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.