1956 கிழக்கு ஜெர்மனி மாணவர்கள் எப்படித் தப்பியிருப்பார்கள்?

சோவியத் ஆதிக்கத்தை எதிர்த்து எழுந்த ஹங்கேரி மக்களுக்காக வகுப்பில் மௌனம் காத்த மாணவர்கள், 1956-ல் பெர்லின் சுவரேறி மேற்கு ஜெர்மனிக்குத் தப்புவதாக உங்கள் கதையில் எழுதியிருக்கிறீர்கள். அது முடியாது. பெர்லின் சுவர் எழுந்ததே 1961 ஆகஸ்டில்தான். அதற்கு முன் ரயிலேறி மேற்கு பெர்லினில் இறங்கிவிடலாம். வழியில் சோதனை உண்டு. பெரிய பெட்டி இருந்தால் சந்தேகம் வரும்.

சுவர் கட்டிய பிறகு நடக்கும் படங்களைப் பார்த்துக் குழம்பியிருப்பீர்கள்.

1956-ல் உண்மையிலேயே இப்படி மௌனம் காத்த கிழக்கு ஜெர்மனியின் ஸ்டோர்கோ ஊர் வகுப்பைப் பற்றித் தேடிப் படியுங்கள். கல்வி அமைச்சரே வந்து மிரட்டியும் மௌனத்தை யார் தொடங்கியது என்று ஒருவரும் காட்டிக் கொடுக்கவில்லை. வகுப்பே பள்ளி இறுதித் தேர்வை இழந்தது. 16 பேர் மேற்கே போனார்கள். வீட்டைப் பிரிந்த அந்தக் கணத்தை விரிவாக எழுதுங்கள், அதுதான் கதை.

ஆனால் எல்லோருக்கும் இப்படி முடியவில்லை. கிழக்கு ஜெர்மனியின் வெர்டாவ் ஊரில் அரசுக்கு எதிராகத் துண்டறிக்கை பரப்பிய 19 இளைஞர்களுக்கு 1951-ல் 2 முதல் 15 ஆண்டு வரை சிறை.