கேம்பஸில் வேலை கிடைக்காத ஃபிரெஷர், ஐடி வேலைக்கான போட்டியில் தனித்துத் தெரிய என்ன செய்ய வேண்டும்?

கேள்வி கேட்டவர் பி.இ. முடித்து ஒரு வருடம் ஆகிறதாம். பைத்தான், ஜாவா, ரியாக்ட், ஏடபிள்யூஎஸ் என்று ஏழெட்டு சான்றிதழ்கள் வாங்கியும் அழைப்பு வருவதில்லை, வந்தாலும் முதல் சுற்றைத் தாண்ட முடிவதில்லை என்று எழுதியிருக்கிறார். நான் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெவலப்பர். சில வருடங்களாக ஃபிரெஷர்களை நேர்முகத் தேர்வு செய்யும் குழுவிலும் இருக்கிறேன். கேள்வி கேட்கிற இடத்தில் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

எட்டாவது சான்றிதழ் வேண்டாம். நீங்களே செய்த ஒரு சின்ன விஷயம் வேண்டும். அதைப் பற்றி அரை மணி நேரம் யார் குடைந்து குடைந்து கேட்டாலும் பதில் சொல்கிற அளவுக்கு அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்களுக்கு வரும் ரெஸ்யூம்களில் பெரும்பாலும் ஒரே புராஜெக்ட்கள்தான். நூலக மேலாண்மை, முகத்தைப் பார்த்து வருகைப்பதிவு, வீட்டு விலைக் கணிப்பு, நெட்ஃபிளிக்ஸ் மாதிரியே ஒரு பக்கம். பல புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியவை. 'இதற்கு ஏன் மோங்கோடிபி? மைஎஸ்க்யூஎல் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?' என்று தரவுத்தளம் பற்றி ஒரு கேள்வி கேட்டால் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். பாவமாக இருக்கும். நான்கு வருடம் படித்த பிள்ளைக்கு அந்தக் கேள்வியை அதுவரை யாருமே கேட்டதில்லை.

என் மனதில் நின்ற ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்த பெண். ரெஸ்யூமில் ஒரே ஒரு புராஜெக்ட்: தமிழ்ச் சொல்லைத் திருப்பிப் படித்தாலும் அதேதானா என்று பார்க்கும் நிரல். முதல் வருடப் பாடப்புத்தகத்தில் வரும் பயிற்சி, பத்து வரிகூட வராது. ஆனால் விகடகவி என்று கொடுத்தபோது 'இல்லை' என்று வந்திருக்கிறது. அங்கேதான் அவர் விடாமல் பிடித்துக்கொண்டார். கணினி எழுத்துகளை எண்களாக வைத்துக்கொள்ளும் முறையான யூனிகோடில் 'வி' என்பது ஒரே குறியீடு கிடையாது. 'வ' தனி, இகரக் குறி தனி. அதனால் நம் கண்ணுக்கு ஐந்து எழுத்தாகத் தெரியும் விகடகவி பைத்தானுக்கு ஏழு. அப்படியே திருப்பினால் இகரக் குறி முன்னால் வந்து நிற்கும், சொல் உடைந்துவிடும். எழுத்து எழுத்தாகப் பிரிக்கிற வழியைத் தேடிக் கண்டுபிடித்திருந்தார். 'கொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், எகரக் குறியும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம், பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் ஒப்பிட்டால் 'சமமில்லை' என்று வரும் என்பதையும் காட்டினார். 'க்ஷ' வந்தால் என் நிரல் இரண்டாகப் பிரிக்கிறது சார், அதை ஒன்றாக எடுப்பதா இரண்டாக எடுப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்று அவரே சொன்னார்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே அவரை எடுக்கலாம் என்று எழுதினேன். தன் வேலை எதுவரை சரி, எங்கே சரியில்லை என்று தெரிந்திருப்பதுதான் டெவலப்பருக்கு முக்கியம். சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்த பிறகு இது இன்னும் கூடியிருக்கிறது. நிரலை எழுதித் தர ஆயிரம் கருவிகள் இருக்கின்றன. ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டால் பதில் சொல்லப் போவது நீங்கள்தான். ஏஐ உதவியோடு செய்தேன் என்று தாராளமாகச் சொல்லுங்கள், எங்கள் குழுவில் யாரும் அதைக் குறையாக நினைப்பதில்லை. வரிக்கு வரி விளக்கத் தெரிந்தால் போதும்.

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எந்தெந்த நாளில் ஏதாவது செய்தோம் என்று அங்கே காட்டும் பச்சைக் கட்டங்களை நிரப்புவதில் பலன் இல்லை. ஓப்பன் சோர்ஸ், அதாவது நிரலை எல்லோரும் பார்த்து மாற்றம் அனுப்பக்கூடிய திட்டங்களுக்குப் பங்களிப்பவர்களுக்கு டி-ஷர்ட் தந்த நிகழ்வு ஹாக்டோபர்ஃபெஸ்ட். 2020 அக்டோபரில் அதில் என்ன நடந்தது என்று தேடிப் பாருங்கள். டி-ஷர்ட்டுக்காக ஆயிரக்கணக்கானோர் ஒன்றுக்கும் உதவாத மாற்றங்களை அனுப்பி, திட்டங்களை நடத்துபவர்களைத் திணறடித்தார்கள். சம்மதம் தெரிவித்த திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று பாதியிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. ஓப்பன் சோர்ஸில் பங்களிக்க ஆசை இருந்தால் மொசில்லா, விக்கிமீடியா, லிப்ரே ஆஃபிஸ் எல்லாவற்றிலும் புதியவர்களுக்கென்றே ஒதுக்கிய சின்னச் சின்ன வேலைகள் உண்டு. ஒன்றை எடுத்து, அது ஏற்கப்படும் வரை கூடவே இருங்கள். முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் நிரலைப் படித்து 'இதை மாற்று' என்று சொல்ல, நீங்கள் மாற்றிய அந்த உரையாடல் அங்கே அப்படியே இருக்கும். நான் முதலில் திறந்து படிப்பது அதைத்தான். ஓப்பன் சோர்ஸ் திட்டங்களில் உதவித்தொகையோடு வேலை செய்ய வைக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2022 முதல் மாணவர் அல்லாத புதியவர்களையும் சேர்க்கிறது, அதனால் உங்களுக்கும் வழி இருக்கிறது.

ரெஸ்யூம் ஒரே பக்கம், மேலிருந்து கீழாக ஒரே நெடுவரிசை. பக்கத்தை இடம் வலமாக இரண்டாகப் பிரித்த அலங்கார வடிவங்களைச் சில வடிகட்டும் மென்பொருள்கள் தாறுமாறாகப் படிக்கும். அப்பா பெயர், மதம், கடைசியில் உறுதிமொழி எதுவும் வேண்டாம். புராஜெக்டின் லிங்க் வேலை செய்கிறதா என்று அனுப்பும் முன் வேறொரு போனில் திறந்து பாருங்கள்.

ஆங்கிலம் சரளமாக வராதே என்று பயப்படாதீர்கள். மெதுவாகச் சொல்லுங்கள், படம் போட்டுக் காட்டுங்கள், தேவைப்பட்டால் 'இதைத் தமிழில் சொல்லட்டுமா சார்?' என்று கேளுங்கள். நம் ஊர் நேர்முகங்களில் பலரும் சரி என்பார்கள். ஆனால் 'இரண்டு வருட அனுபவம் போட்டுத் தருகிறோம்' என்று பணம் கேட்கும் கன்சல்டன்சி பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். முன்பு எங்கே வேலை பார்த்தீர்கள் என்பது பிஎஃப் உறுப்பினருக்குத் தரப்படும் யுஏஎன் எண்ணை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். சேர்ந்து மூன்றாவது மாதம் வேலை போனால் அதைவிடப் பெரிய அடி இல்லை.

அப்புறம், அழைப்பே வராத பிரச்சினை. வேலைவாய்ப்புத் தளங்களில் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பதைவிட, அந்த நிறுவனத்தில் இருப்பவர் மூலமாகப் போவது நல்லது. கல்லூரி சீனியர்களை லிங்க்ட்இனில் தேடுங்கள். 'அண்ணா, ரெஃபர் பண்ணுங்க ப்ளீஸ்' என்று மட்டும் அனுப்பினால் பாவம் அவர் என்ன செய்வார்? எந்த வேலை, அதன் எண் என்ன, நீங்கள் செய்தது என்ன என்று இரண்டு வரி, லிங்க், ரெஸ்யூம் எல்லாம் ஒரே செய்தியில் இருக்கட்டும். அப்படி வந்தால் ஐந்து நிமிடத்தில் உள்ளே போட்டுவிடலாம். நானே முன்பின் தெரியாதவர்களுக்குப் பலமுறை போட்டிருக்கிறேன்.