படிவத்தில் என்ன உறவு என்று எழுதுவாள்?

கேள்வி: சின்ன ஊரில் நடக்கிற காதல் நாவல் ஒன்று எழுதிவருகிறேன். நாயகனும் நாயகியும் நன்றாக வந்திருக்கிறார்கள். ஆனால் அதைப் படித்துப் பார்த்த தோழி, "ஊர் சும்மா பின்னால் தொங்குகிறது" என்கிறாள். என்ன செய்வது?

பதில்: தோழி சொன்னதைக் கேளுங்கள். காதல் நாவல்களை ஆராய்ந்த பமீலா ரீஜிஸ், 2003-ல் வந்த தன் நூலில் இந்த வகைக்கு எட்டு அம்சங்கள் அவசியம் என்றார். சந்திப்பு, தடை, ஈர்ப்பு எல்லாம் அதில் உண்டு, ஆனால் பட்டியலில் முதலாவதாக அவர் வைத்தது காதலர்கள் வாழும் சமூகத்தைத்தான். அந்தச் சமூகத்தில் ஏதோ ஒரு கோளாறு இருக்கும், காதல் அதையும் தொட்டு மாற்றும் என்பது அவர் பார்வை. உங்கள் ஊருக்கு என்ன குறை? பள்ளிக்கூடம் மூடப்போகிறதா, இரண்டு தெருக்காரர்கள் பல வருடமாகப் பேசிக்கொள்வதில்லையா, இளையவர்கள் எல்லோரும் கிளம்பிப் போய்விட்டார்களா? அதை முடிவு செய்துவிட்டு முதல் அத்தியாயத்தைத் திரும்ப எழுதுங்கள். உங்கள் காதலர்கள் பிரிந்தால் ஊரில் இன்னும் யாருக்கெல்லாம் வலிக்கும் என்று கேட்டுப் பாருங்கள். யாருக்கும் வலிக்காது என்றால் ஊர் இன்னும் கதைக்குள் வரவில்லை.

கேள்வி: என் நாயகிக்குப் பெற்றோர் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மாதான் எல்லாம். "நீ என் மகள் மாதிரி" என்று வசனம் வைத்தேன், ஒட்டவில்லை.

பதில்: வசனத்தை எடுத்துவிடுங்கள். தாயாய்ப் பிள்ளையாய்ப் பழகுகிறவர்கள் அதை வாயால் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். இப்படி ஒரு காட்சி வைத்துப் பாருங்கள். நள்ளிரவில் பெரியம்மா மயங்கி விழுகிறார், இவள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுகிறாள், நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டுகிறார். பெயர், வயது, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம் மளமளவென்று எழுதிவிட்டாள். 'உறவுமுறை' என்ற இடம் வந்ததும் பேனா நிற்கிறது. பக்கத்து வீடு என்று எழுதினால் வெளியிலேயே உட்கார வைத்துவிடுவார்களோ என்று பயந்து, 'மகள்' என்று எழுதுகிறாள். மறுநாள் காலை, வருடக்கணக்காக எட்டிப் பார்க்காத சொந்த மகன் வந்து அந்தப் படிவத்தைப் படிக்கிறான். அங்கிருந்து எழுதுங்கள், வசனம் தானாக வரும்.

இந்த உறவுக்கு 'நாமே தேர்ந்துகொண்ட குடும்பம்' என்று பெயர் நிலைக்க முக்கியக் காரணமான நூல், மானுடவியலாளர் கேத் வெஸ்டன் 1991-ல் எழுதியது. ஒருபாலீர்ப்பு உள்ளவர்கள், பலர் பெற்ற வீட்டாலேயே ஒதுக்கப்பட்ட நிலையில், நண்பர்களையே குடும்பமாக்கிக்கொண்டதை சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் அவர் பதிவு செய்தார். இழந்தவர்கள் கட்டிக்கொண்ட வீடு அது. அதனால்தான் அந்த இழப்பை மறைத்துவிட்டு வெறும் கலகலப்பை மட்டும் எழுதினால் எனக்கு மனசு ஒப்பாது.

கேள்வி: ஊரில் எல்லோரும் நல்லவர்களாக இருந்தால் சலிக்காதா?

பதில்: சலிக்கும். இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் திறக்கிற அதே ஊர்தான், நீங்கள் யாரோடு நடந்துபோனீர்கள் என்று விடிவதற்குள் பேசி முடித்திருக்கும். இரண்டையும் ஒரே ஆளுக்குக் கொடுங்கள். உதவுகிற கையும் வம்பு பேசுகிற வாயும் ஒருவருடையதாகவே இருக்கட்டும், அவர் மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் தவிக்கட்டும்.

கேள்வி: முடிவைச் சோகமாக வைக்கலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் அப்போது அது காதல் கதை, 'ரொமான்ஸ்' என்ற வகைக்குள் வராது. அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் வகுத்த இலக்கணமே இரண்டுதான்: மையத்தில் காதல், மனம் நிறைந்து நம்பிக்கை தருகிற முடிவு. அந்த நம்பிக்கையோடு படிக்க வருகிறவரைக் கடைசிப் பக்கத்தில் கைவிடாதீர்கள்.

கேள்வி: அதே ஊரை வைத்து அடுத்த நாவலும் எழுதலாமா?

பதில்: எழுதுங்கள், இந்த வகைக்கே அது பழக்கம். ராபின் கார் 2007-ல் 'வர்ஜின் ரிவர்' என்ற கற்பனை ஊரைத் தொடங்கி 20 நாவல்களுக்கு மேல் எழுதினார், 2019-ல் நெட்ஃபிளிக்ஸ் தொடராகவும் வந்தது. ஒரு புத்தகத்தில் ஓரமாக நின்றவர் அடுத்ததில் நடுவுக்கு வருவார். அந்தப் படிவத்தைப் படித்த மகன் இருக்கிறானே, அடுத்த நாவலுக்கு அவனை எடுத்துக்கொள்ளுங்கள்.