ஸ்டாக்ஸ் எஸ்.ஆர்-009 ஹெட்ஃபோனுக்கு எத்தனை வாட் ஆம்ப் வாங்க வேண்டும்?

ஜப்பானிய ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் இந்த 009 எலெக்ட்ரோஸ்டாட்டிக் வகை ஹெட்ஃபோன்; அதற்கு வாட் கணக்கு உதவாது. முதலில் வோல்ட்டைப் பாருங்கள், அப்புறம் கரண்ட்டைப் பாருங்கள்.

சாதாரண ஹெட்ஃபோனில் படலத்தை அசைக்கும் கம்பிச்சுருள், அதாவது வாய்ஸ் காயில், இதில் கிடையாது. இரண்டு உலோகத் தட்டுகளுக்கு நடுவே மெல்லிய படலம் ஒன்று நிற்கிறது. படலத்துக்கு நிலையாக 580 வோல்ட் கொடுத்து வைத்திருப்பார்கள், அதுதான் பயஸ். பாட்டு தட்டுகளுக்கு நூற்றுக்கணக்கான வோல்ட்டில் போகிறது. ஆம்ப்புக்கு இது ஒரு சின்ன கெபாசிட்டர், அவ்வளவுதான்.

009-க்கு 100 வோல்ட் கொடுத்தால் 101 டெசிபெல் சத்தம் வரும். ஸ்டாக்ஸின் 252எஸ் ஆம்ப் 280 வோல்ட் தரும், அதாவது சுமார் 110 டெசிபெல். 353எக்ஸ் 400 வோல்ட், 113 டெசிபெல். டி8000 470 வோல்ட், 114-க்குச் சற்று மேல். கடைசி இரண்டுக்கும் ஒன்றரை டெசிபெல்கூட வித்தியாசமில்லை, விலையோ எங்கேயோ நிற்கிறது. பலரும் குழம்புவது இங்கேதான்.

அந்த வோல்ட் எல்லாம் 1 கிலோஹெர்ட்ஸில் அளந்தவை. 009 கேபிளோடு சேர்ந்து 110 பிகோஃபேரட் கெபாசிட்டர்; சுருதி ஏற ஏற அதன் தடை குறையும். 1 கிலோஹெர்ட்ஸில் அது 14 லட்சம் ஓமுக்கு மேல் காட்டும். 20 கிலோஹெர்ட்ஸில் வெறும் 72 ஆயிரம். அங்கேயும் 400 வோல்ட் வேண்டுமென்றால் ஐந்தரை மில்லி ஆம்பியர் ஓட வேண்டும். அற்பமாகத் தெரியும். ஆனால் பல ஆம்ப்களில் அவுட்புட் பக்கம் இருக்கும் லோடு ரெசிஸ்டர்களே கரண்ட்டில் பெரும் பங்கை விழுங்கிவிடும். ஹெட்ஃபோன் ஆம்ப்களை வடிவமைக்கும் கெவின் கில்மோர் தன் ப்ளூ ஹவாய், கே.ஜி.எஸ்.எஸ்.ஹெச்.வி டிசைன்களில் அந்த இடத்தில் கரண்ட் சோர்ஸ், அதாவது கரண்ட்டை ஒரே அளவில் வைக்கும் சர்க்யூட், வைத்தார். கரண்ட் முழுக்க ஹெட்ஃபோனுக்குக் கிடைக்கும். நன்றாகவே சூடாகும், காற்றோட்டமான இடம் கொடுங்கள்.

நான் அதிகம் கேட்பது நாதஸ்வரக் கச்சேரிகள். தவிலின் வலந்தலையில் கூடு போட்ட விரல் விழும் அந்தச் சுரீர், ஆம்ப்புக்குப் பெரிய சோதனை. மூச்சு வாங்கும் ஆம்ப்பில் அடி மழுங்கிவிடும், நாதஸ்வரமும் அதோடு ஒட்டிக்கொள்ளும். வாங்குமுன் அப்படி ஒரு பதிவை, நீங்கள் வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் போட்டுப் பாருங்கள். என் கருத்தில் 009-க்கு 252எஸ் வேண்டாம். மிதமான சத்தத்தில் கேட்பவருக்கு 353எக்ஸ் போதும். பிறகு ஸ்டாக்ஸின் இன்னொரு ஹெட்ஃபோனான 007 வாங்கும் எண்ணம் இருந்தால் நேராக கில்மோர் வகைக்கே போய்விடுங்கள். ஆம்ப் விஷயத்தில் 007 இன்னும் பிடிவாதக்காரன்.

புனலூர் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மலைக்கு இந்தப் பக்கம் செங்கோட்டையில் இருக்கிறேன், சாரல் மாதங்களில் இருவருக்கும் ஒரே தொல்லைதான். ஈரம் ஏறினால் படலத்தின் சார்ஜ் கசியும்; ஒரு காது மங்கும், சில நேரம் கீச்சென்று சத்தம் வரும். உடனே ஆம்ப்பைச் சந்தேகிக்காதீர்கள். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் ஹெட்ஃபோனை ஓர் இரவு மூடி வைத்துவிட்டு மறுபடி கேளுங்கள்.

பழையது வாங்குவதானால் 5 பின் சாக்கெட், 580 வோல்ட் பயஸ் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய 6 பின் சாக்கெட்டின் பயஸ் 230 வோல்ட்தான், 009-க்கு அது போதாது. ஜப்பானில் விற்ற ஆம்ப் என்றால் பின்பக்கம் 100 வோல்ட் என்று போட்டிருக்கும். அதை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் போச்சு. தரமான ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மரின் விலையையும் இப்போதே பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள்.