வாசகர் கேள்வி: பெரிய கடை வந்தால் சரக்கு எந்த வழியால் போகும்?

உவர்மலை பலசரக்குக் கடைக்காரர்: திருகோணமலையில் சூப்பர்மார்க்கெட் கிளைகள் கூடிவருகின்றன. சவர்க்காரம், மைசூர் பருப்பு போன்றவற்றை நான் ஏஜென்டிடம் வாங்கும் விலைக்கும் கீழே அங்கே விற்கிறார்கள். நானும் விலையைக் குறைக்க வேண்டுமா?

அவசரப்பட்டுக் குறைக்காதீர்கள். உங்களுக்கு வரும் சரக்கு இறக்குமதியாளர், மாவட்ட விநியோகஸ்தர், மொத்தக் கடை என்று மூன்று கை மாறி வருகிறது. சூப்பர்மார்க்கெட்டுக்கு உற்பத்தியாளரிடமிருந்து நேரே அவர்களின் மத்திய களஞ்சியத்துக்குப் போய், அங்கிருந்து கிளைக்கு வருகிறது. நடுவில் இரண்டு பேரின் இலாபம் இல்லை. தட்டு வாடகை, விளம்பரப் பங்கு, ஆண்டு இறுதிக் கழிவு என்று கம்பனிகளிடம் வாங்குவது வேறு. அது பில்லில் தெரியாது.

காசு சுழலும் விதமும் முக்கியம். 12 நாளில் விற்றுமுடியும் சரக்குக்குக் காசு கொடுக்க 45 நாள் தவணை கிடைத்தால், மிச்ச 33 நாளும் விற்ற காசு சூப்பர்மார்க்கெட்டின் கையில். புதுக் கிளைக்கான மூலதனத்தில் ஒரு பங்கு இப்படித்தான் சேர்கிறது.

ஆனாலும் எல்லாப் பொருளிலும் விலை குறைவாக இருக்காது. சனம் விலை மனப்பாடமாக வைத்திருக்கும் பொருட்களில்தான் குறைப்பார்கள். உங்கள் கடையில் அதிகம் போகும் 30 பொருட்களை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டுபோய் அங்கே தட்டு விலையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் உள்ள பொருட்களில் மட்டும் இலாபத்தைச் சுருக்கினால் போதும். கொள்விலைக்குக் கீழே எதையும் விற்க வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று எங்களுக்கு அதைவிடக் கவலை தருகிறது. பெரிய கிளைகள் கம்பனியிடம் நேரே வாங்கும்போது, ஏஜென்டின் வானில் ஏறும் சரக்கு குறையும். டீசலும் டிரைவர் சம்பளமும் குறையாது. அப்போது ஏஜென்ட் முதலில் வெட்டுவது சின்னக் கடைகளைத்தான். வாரம் இரண்டு தரம் வந்த வான் ஒரு தரமாகும், குறைந்தபட்ச ஓடர் கூடும், கடன் நிற்கும். வாரத்துக்கு வேண்டிய முழுச் சரக்கையும் ஒரே நாளில் எடுத்தால் முதல் முடங்கும், திகதியும் போகும். இதற்கு ஒரு வழி உண்டு. ஒரே வீதியில் உள்ள ஐந்தாறு கடைகள் சேர்ந்து முதல் நாளே ஓடரைச் சொல்லி, சரக்கை ஓரிடத்தில் இறக்கச் சொல்லுங்கள். பில் மட்டும் தனித்தனியாக இருக்கட்டும். ஒரே நிறுத்தத்தில் ஐந்து பில் என்றால் ஏஜென்டுக்கும் கட்டுப்படியாகும். இறக்கும்போது ஒவ்வொரு பெட்டியிலும் காலாவதித் திகதியைப் பாருங்கள். பாதி ஆயுள் முடிந்த சரக்கைச் சின்னக் கடையில் தள்ளிவிடப் பார்ப்பவர்களும் உண்டு.

நிலாவெளி விவசாயி: சூப்பர்மார்க்கெட்டின் சேகரிப்பு நிலையத்தில் சின்ன வெங்காயத்துக்குக் கிலோ விலை கூட. ஆனால் கழித்து விடுகிறார்கள். அங்கே கொடுப்பதா, தம்புள்ளைக்கே அனுப்புவதா?

தம்புள்ளை மொத்தச் சந்தையான பொருளாதார மத்திய நிலையம் தொடங்கிய அதே 1999ஆம் ஆண்டில்தான் சூப்பர்மார்க்கெட் நிறுவனமான கார்கில்ஸ் ஹங்குராங்கெத்தவில் தன் முதல் மரக்கறிச் சேகரிப்பு நிலையத்தைத் திறந்தது. அன்றிலிருந்து இரண்டு வழியும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. சந்தையில் முழு மூட்டையும் விலைப்படும், சேகரிப்பு நிலையத்தில் பொறுக்கியது மட்டும் விலைப்படும். அதனால் கிலோ விலையை விட்டுவிட்டு, 100 கிலோவுக்கு என்ன கையில் வருகிறது என்று பாருங்கள்.

கணக்குக்காக, சந்தையில் கிலோ 200 ரூபா, தரகு 10 வீதம் என்று வைப்போம். கையில் வருவது 18,000. சேகரிப்பு நிலையத்தில் கிலோ 240, ஆனால் 72 கிலோதான் தேறுகிறது என்றால் 17,280. கழிந்த 28 கிலோவை உள்ளூரில் 100 ரூபாவுக்கு விற்க முடிந்தால் மொத்தம் 20,080. அது அழுகிப்போனால் உங்களுக்கு நட்டம். கழிவுக்கு ஆள் பார்த்து வைத்துவிட்டுத்தான் சேகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். இரு பக்கமும் ஏற்றுகூலியைக் கழிக்க மறக்காதீர்கள்.

வெங்காயம் கழிபடுவதற்குப் பெரிய காரணம் கழுத்து ஈரம். தாள் பாதி சாய்ந்ததும் தண்ணீரை நிறுத்துங்கள். பிடுங்கியதை, ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசையின் கிழங்கை மூடும்படி பரப்பி, மூன்று நான்கு நாள் காயவிட்டு நிழலுக்கு மாற்றுங்கள். கழுத்தைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் உருட்டிப் பாருங்கள். காய்ந்த சருகு போலச் சரசரத்தால் சரி, வழுக்கினால் இன்னும் காயவில்லை. 50 கிலோ மூட்டையில் அடியில் கிடப்பது நசிந்து சூடேறும், பிளாஸ்டிக் கூடையில் அந்தச் சேதம் குறைவு. 2011 டிசம்பரில் அரசு கூடையைக் கட்டாயமாக்கியபோது தம்புள்ளையில் எதிர்ப்புக் கிளம்பியது. ஒரு லொறியில் ஏறும் சரக்கு குறையும், வெறுங்கூடையைத் திருப்பிக் கொண்டுவரும் செலவும் உண்டு என்பதால் அந்தக் கோபம் நியாயமானதுதான். கூடையை யார் தருவது, யார் திருப்புவது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

மூதூர் வாசகர்: இங்கே விளைந்த மரக்கறி கொழும்புப் பக்கம் போய்த் திரும்பி இங்கேயே விற்பனைக்கு வருமா?

வரலாம். தரம் பார்ப்பது, நிறுப்பது, பொதியிடுவது எல்லாம் சூப்பர்மார்க்கெட்டின் மத்திய களஞ்சியத்தில் நடந்தால், கிளைக்கு ஒரே லொறியில் கலந்து அனுப்புவது அவர்களுக்குச் சுலபம். கீரை, கத்தரி போன்றவற்றுக்கு அந்தச் சுற்று நல்லதல்ல.

கிண்ணியா தயிர் உற்பத்தியாளர்: சூப்பர்மார்க்கெட்டில் நாளுக்கு 100 சட்டி கேட்கிறார்கள், காசு தர 45 நாள் தவணை. ஒப்புக்கொள்ளலாமா?

அக்கா, முதலில் கொப்பியில் போட்டுப் பாருங்கள். 100 சட்டியை 45 ஆல் பெருக்கினால் 4,500 சட்டி. பால், சட்டி, விறகு எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 350 ரூபா அடக்கம் என்றால், முதல் செக் வருமுன் 15 லட்சத்து 75 ஆயிரம் ரூபா வெளியில் நிற்கும். பால்காரருக்கு வாராவாரம் காசு கொடுக்க வேண்டும். அந்த முதல் இல்லாவிட்டால் 20 சட்டியில் தொடங்குங்கள், அல்லது 14 நாள் தவணை கேளுங்கள். கெட்டுப்போகும் பொருளுக்குக் குறுகிய தவணை கேட்பதில் தவறே இல்லை.

தயிரைத் திருகோணமலைக் கிளையிலேயே நேரே இறக்குவதாக எழுத்தில் வாங்குங்கள். மண்சட்டி கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர் போய்த் திரும்பினால் விளிம்பு உடையும், தயிர் குலுங்கித் தண்ணீர் விடும். விற்காததைத் திருப்பி எடுக்கும் நிபந்தனைக்கும் ஒரு எல்லை போடுங்கள். அவர்களின் குளிரூட்டி நின்றதால் புளித்ததை உங்கள் தலையில் கட்டக்கூடாது. இறக்கும் நேரமும் சட்டி எண்ணிக்கையும் எழுதிக் கையொப்பம் வாங்கினால்தான் பிறகு பேசலாம்.

வியாபாரப் பெயர்ப் பதிவைப் பிரதேச செயலகத்தில் செய்யுங்கள். தயாரிக்கும் இடத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்திருக்க வேண்டும். லேபலில் உற்பத்தி, காலாவதித் திகதிகள், நிறை, அதிகூடிய சில்லறை விலை இருக்க வேண்டும். பார்கோடில் இலங்கை எண் 479 இல் தொடங்கும். பெரிய சட்டிக்கும் சின்னச் சட்டிக்கும் வெவ்வேறு எண் வேண்டும். ஈரச் சட்டியில் ஸ்டிக்கர் நிற்காது, சுருங்கிய பொலித்தீன் மேல் ஒட்டினால் இயந்திரம் வாசிக்காது. மூடியின் மேல் வட்டக் கடதாசி மட்டை வைத்து அதில் ஒட்டுங்கள்.

நிறையில் கவனம். மண்சட்டி தண்ணீரை உறிஞ்சும், அது வெளியே கசிந்து காயும். வார்த்த அன்று சரியாக இருந்த தயிர் மூன்றாம் நாள் தராசில் குறையும். பத்துச் சட்டியை மூன்று நாள் வைத்து நிறுத்துப் பார்த்து, குறையும் அளவை முன்கூட்டியே சேர்த்து ஊற்றுங்கள்.